மீதி ஜோடி

பிப்ரவரி 4

அன்புள்ள தம்பிக்கு அக்கா எழுதிக்கொள்வது. இங்கே நானும் அத்தானும் நலம். அத்தானின் வலது முழங்கால் மட்டும் எங்களோடு பேச்சுவார்த்தையில் இல்லை. அங்கே நீயும் உன் மனைவியும், உங்கள் வீட்டுக் கூடத்தில் குடியேறிவிட்ட உன் கம்பெனியும் எப்படி இருக்கிறீர்கள்?

கையில் போன் இருக்கும்போது இவளுக்கு எதற்குக் கடிதம் என்று நினைப்பாய். போன வாரம் கூப்பிட்டேன். எடுத்த எடுப்பில், "வணக்கம், உங்க காலுக்கு என்ன பிரச்சனை?" என்றாய். "டேய், அக்காடா" என்றேன். "ஒரு நிமிஷம்க்கா, இன்னொரு லைன்ல கஸ்டமர்" என்று வைத்தாய். அந்த நிமிஷம் இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது. மறுநாள் உன் மனைவி எடுத்தாள். "அவர் யாரோ ஒரு கண்டக்டர் கஸ்டமர் வீட்டுக்கு ஃபேன் மாட்டப் போயிருக்கார் அண்ணி. ஷூ விக்கிறவருக்கு ஃபேன்ல என்ன வேலைன்னு தயவுசெஞ்சு என்கிட்ட கேக்காதீங்க" என்றாள். கேட்கவில்லை. அவள் குரலே பதிலாக இருந்தது.

ஊரார் காலுக்கெல்லாம் காது கொடுக்கிறாய். உடன்பிறந்தவளுக்கு ஒரு நிமிஷம். அதனால் இனிமேல் தபால்தான். தபாலில் நீ என்னை வெயிட்டிங்கில் போட முடியாது.

பல் ஆஸ்பத்திரியில் எல்லாம் வழக்கம்போல. நான் என் கவுண்டருக்குப் பின்னால், வீங்கிய கன்னங்கள் எனக்கு முன்னால். எனக்கு உதவியாக ஒரு சின்னப் பெண்ணைப் போட்டிருக்கிறார்கள். நல்ல பெண். நோயாளியின் பெயரைக் கேட்பதற்கு முன்பே "ரொம்ப வலிக்குதா?" என்று கேட்டு அழவைத்துவிடுகிறாள்.

வேளைக்குச் சாப்பிடு. அடுத்தவர் வீட்டு ஏணியில் ஏறாதே.

உன் அக்கா

பி.கு.: மாப்பிள்ளை, ஸ்டார்ட்அப் என்கிறீர்கள். ஸ்டார்ட் ஆனது தெரியும். அப் எப்போது? – அத்தான்


பிப்ரவரி 15

அன்புள்ள அக்காவுக்கும் அத்தானுக்கும்,

நலம். அத்தானின் முழங்கால் சமாதானத்துக்கு வந்ததா என்று எழுதவும். நான் ஏணியில் ஏறவில்லை, மேஜைமேல் நாற்காலி போட்டு ஏறினேன். ஆகவே உன் பேச்சை மீறியதாகாது.

அக்கா, திட்டு, தகும். ஆனால் என் நிலைமையையும் கேள். கம்பெனியின் நிர்வாக இயக்குநர் நான். விற்பனை மேலாளர் நான். டெலிவரி ஆள் நான். ஒழிந்த நேரத்தில் ஃபேன் மாட்டுபவனும் நான். வேலைக்கு இருப்பவர் ஒரே ஒருவர், வாங்கி வரும் ஷூவைத் திருத்தித் தைக்கும் பெரியவர். காலையில் வந்ததும் ஒரு முணுமுணுப்பைத் தொடங்குவார், சாயங்காலம் அதை முடித்துவிட்டுப் போவார். அதற்கு நடுவே தையல். நாங்கள் அவரை முணுமுணுப்பார் என்றே அழைக்கிறோம், அவருக்குத் தெரியாமல்.

என் தொழில் என்னவென்று அத்தானுக்கு இன்னும் பிடிபடவில்லை என்று தெரிகிறது. விளக்குகிறேன். உலகத்தில் பலருக்கு இரண்டு கால்களும் ஒரே அளவில்லை. கடையிலோ ஜோடியாகத்தான் தருவார்கள். நான் என்ன செய்கிறேன்? ஃபேக்டரியில் இரண்டு அளவிலும் ஒவ்வொரு ஜோடி வாங்கி, பிரித்து, காலுக்கு ஏற்றபடி ஒன்றைப் பெரிதாகவும் ஒன்றைச் சிறிதாகவும் தருகிறேன். மீதி ஒரு ஜோடி நிற்குமில்லையா, அதற்கு நேர் எதிர்மாறான கால்காரரைத் தேடிப் பிடித்து அவர் தலையில் கட்டுகிறேன். தலையில் இல்லை, காலில்.

இந்த யோசனை எனக்கு எங்கிருந்து வந்ததென்று உனக்குத் தெரியாதா? ஒவ்வொரு வருஷமும் அப்பா உனக்காக இரண்டு ஜோடி வாங்குவார். சின்னது இடது காலுக்கு, பெரியது வலது காலுக்கு. மீதியைத் தூக்கிப்போட அவருக்கு மனசு வராது. "தம்பி போட்டுப்பான்" என்பார். நல்ல கால் இரண்டு இருந்தும் நொண்டிக்கொண்டு பள்ளிக்கூடம் போனவன் நான் ஒருத்தன்தான். வலது கடிக்கும், இடது கழன்று ஓடும். ஒரு தரம் பந்தை உதைத்தேன். பந்து நின்ற இடத்திலேயே நின்றது, ஷூ கோலுக்குள் போனது.

இப்போது நெருக்கடி. பணம் போட ஒரு தாடிக்காரர் முன்வந்திருக்கிறார். அவர் சொன்னார்: "முதல் முப்பது பேரை நேர்ல போய்ப் பாருங்க. அவங்க வீட்டு நாய்க்குக்கூட உங்களைத் தெரியணும். ஆனா எனக்கு ஒண்ணு காட்டுங்க. ஒரு ஜோடி யார் வேணா பாவம்னு வாங்குவாங்க. ரெண்டாவது ஜோடி வாங்குறாங்களா? அதைக் காட்டினா பணம்." ஆகஸ்ட் வரை தவணை. உன் தம்பி மனைவியும் அதே ஆகஸ்டைத்தான் சொல்லியிருக்கிறாள். அதற்குள் முடியாவிட்டால் பழைய டைல்ஸ் கம்பெனிக்கே போய் மேலாளரின் காலில் விழ வேண்டும். அவருக்கு இரண்டு காலும் ஒரே அளவு, எனக்கு அங்கே ஒரு ஆதாயமும் இல்லை.

முக்கியமான விஷயம். முதல் பெட்டியை ஜனவரியிலேயே உனக்குத்தான் அனுப்பினேன். நீதான் என் முதல் வாடிக்கையாளர்! வீட்டில் ஆள் இருக்கமாட்டீர்கள் என்று ஆஸ்பத்திரி விலாசம் போட்டேன். பெட்டியைப் பார்த்தாயா? எழுத்தெல்லாம் என் கைவண்ணம். உள்ளே நம் கதையையும் ஒரு சீட்டில் அச்சடித்து வைத்திருந்தேன். எல்லாப் பெட்டியிலும் அது போகிறது. காலுக்கு எப்படி இருக்கிறது? உடனே எழுது.

அன்புடன்,
தம்பி


மார்ச் 9

அன்புள்ள தம்பிக்கு,

இருவரும் நலம். முழங்கால் சமாதானத்துக்கு வந்து, மறுபடியும் முறித்துக்கொண்டது. உன் மனைவிக்கு இருமலாமே, குறைந்ததா? போனில் நீ சொல்லவில்லை, பின்னால் அவள் இருமியது கேட்டது.

இங்கே மாடியில் புதிதாகக் குடிவந்தவர்கள் கட்டிலைத் தினமும் இடம் மாற்றுகிறார்கள். ஒருவேளை அறைக்கு அது பிடிக்கவில்லையோ என்னவோ. தண்ணீர்த் தொட்டி வழிகிறது. மோட்டாரை நிறுத்த அத்தான் எழுந்து போவதற்குள் தண்ணீரே சலித்து நின்றுவிடுகிறது. ஆஸ்பத்திரிக்குப் புதிய டாக்டர் வந்திருக்கிறார், அவருக்கே பல் கூச்சம். குளிர்ந்த தண்ணீர் கொடுத்தால் நெளிகிறார். நோயாளிகள் பார்க்காமல் வெந்நீர் கொண்டுபோய்க் கொடுப்பது என் புதுப் பொறுப்பு.

பந்து கதையை நீ மாற்றிச் சொல்கிறாய். ஷூ கோலுக்குள் போகவில்லை, ஹெட்மாஸ்டர் மேஜைக்குப் போனது.

கோடைமழை வரும்போல இருக்கிறது. தலையை ஈரத்தோடு வைத்துக்கொண்டு அலையாதே.

உன் அக்கா

பி.கு.: பெட்டி வந்தது. அலமாரி உச்சியில், பழைய போர்வைக்கு அடியில் இருக்கிறது. நான் இதைச் சொல்லவில்லை. – அத்தான்

பி.கு.வுக்குப் பி.கு.: அத்தான் எழுதியதைப் பெரிதுபடுத்தாதே. அவருக்கு வீட்டில் எந்தப் பொருள் எங்கே இருக்கிறதென்று தெரிந்ததே இல்லை. – அக்கா


ஏப்ரல் 20

அன்புள்ள அக்காவுக்கு,

நாங்கள் நலம். இருமல் போய்விட்டது, எரிச்சல் இருக்கிறது. இருமல் அவளுக்கு, எரிச்சல் இருவருக்கும்.

நீ ஷூவைப் பற்றி ஒரு வரி எழுதவில்லை. தொட்டி வழிவது முதல் டாக்டரின் பல் வரை எழுதினாய். பரவாயில்லை, நீ ஒருத்திதான் அப்படி என்றால் நான் பொறுத்துக்கொள்வேன். என் முப்பது வாடிக்கையாளரும் உன்னைப்போலவே இருக்கிறார்களே!

முப்பது பேர் சேர்ந்துவிட்டார்கள். ஒருத்தர் விடாமல் வீட்டுக்கே போனேன். கண்டக்டரோடு ஒரு நாள் முழுக்க பஸ்ஸில் நின்றேன். எத்தனை மணிக்கு எந்தக் கால் வலிக்கிறது என்று பார்க்கத்தான். சாயங்காலம் வலித்தது என் கால். வக்கீலம்மா அலுவலகத்தில் கட்சிக்காரர்கள் எல்லாம் சுற்றி நிற்க, மண்டியிட்டு அவர் காலை அளந்தேன். அந்த அம்மாவுக்கு முகமே சிவந்துவிட்டது. இப்படி ஒரு சேவையை அவர் பார்த்திருக்கமாட்டார், பாவம். ஓட்டல் சமையல்காரர் வீட்டில் குழாய் ஒழுகியது, அதையும் சரிசெய்தேன். இப்போது நான் போனால் நாய் குரைப்பதில்லை. தாடிக்காரர் சொன்னது நடந்துவிட்டது. ஆனால் இரண்டாவது ஜோடி? ஒருத்தர்கூட இல்லை.

கண்டக்டர் வீட்டுக்குப் போன வாரம் போனேன். வாசலில் அவருடைய பழைய ஷூ. உள்ளே எட்டிப் பார்த்தேன், நுனியில் துணி அடைத்திருக்கிறது. என் ஷூ எங்கே என்றால், அலமாரி உச்சியில்!

"கடிக்குதா?" என்றேன்.

"சேச்சே. பஞ்சுமாதிரி இருக்கு சார்."

"பின்ன ஏன் போடல?"

"போடறேனே. ராத்திரி சாப்பிட்டதும் ரூமுக்குள்ளயே நாலு நடை நடப்பேன்."

"வெளியில?"

"நல்ல நாளுக்குன்னு வெச்சிருக்கேன் சார். நீங்க உக்காருங்க. இந்த ஃபேன் மறுபடியும் சத்தம் போடுது பாருங்க."

எல்லாரும் இதே பாட்டுத்தான். சுகமாக இருக்கிறதாம், அறைக்குள் போடுகிறார்களாம். ஷூவை யாராவது அறைக்குள் போடுவார்களா? நான் என்ன போர்வையா விற்கிறேன்?

சரி, ஒருவரை ஒருவர் பார்த்தால் உற்சாகம் வருமென்று, கண்டக்டரையும் அவருக்கு நேர் எதிர்க்காலான சமையல்காரரையும் ஒரு கடையில் உட்காரவைத்தேன். ஒருவருடைய மீதியைத்தான் மற்றவர் போடுகிறார், கிட்டத்தட்ட சம்பந்தி முறை. இருவரும் காலை நாற்காலிக்கு அடியில் இழுத்துக்கொண்டு மழையைப் பற்றிப் பேசினார்கள். அன்றைக்கு மழையே இல்லை.

இந்த ஜனங்களுக்கு என்னதான் வேண்டும்? நீயாவது சொல். ஷூ எப்படி இருக்கிறது? இடது கால் பொருந்துகிறதா? அளவு எடுக்க உன்னிடம் வரவில்லை, பழைய ஞாபகத்தில் செய்தேன். அதுதான் தப்போ?

உடம்பைப் பார்த்துக்கொள். அத்தானுக்கு என் வணக்கம், முழங்காலுக்கும்.

தம்பி


மே 11

தம்பிக்கு,

நலம்.

நீ அறிவாளி என்று நம் வீட்டில் எல்லாரும் நம்பினோம். நான் இன்னமும் முழுதாகக் கைவிடவில்லை. முப்பது வீட்டுக்குப் போயிருக்கிறாய். முப்பது பேரும் ஒரே பொய்யைச் சொல்லியிருக்கிறார்கள். குழாயையும் ஃபேனையும் பார்த்த கண்ணால் வேறெதையும் பார்க்கவில்லையா?

வேலை இருக்கிறது. வெயிலில் அலையாதே.

அக்கா

பி.கு.: நான் இந்தத் தடவை எதுவும் எழுதக்கூடாது என்று உத்தரவு. – அத்தான்


மே 27

அன்புள்ள அக்காவுக்கு,

நாங்கள் நலம். உன் கடிதம் கிடைத்தது. அது கடிதமா, தந்தியா?

ஆனால் ஒன்று சொன்னாய் பார், முப்பது பேரும் பொய் சொல்கிறார்கள் என்று. சட்டென்று விளங்கிவிட்டது. கூச்சப்படுகிறார்கள்! தனித்தனியாக இருப்பதால்தான் கூச்சம். எல்லாரையும் ஒரே இடத்தில் சேர்த்துவிட்டால் கூச்சம் ஓடியே போய்விடும். ஜூன் 14, ஞாயிற்றுக்கிழமை, காலை பத்து மணி, மெயின் ரோட்டில் ஒரு ஹால் பிடித்திருக்கிறேன். முப்பது நாற்காலி. வாசலில் தூரத்திலிருந்தே தெரியும்படி பேனர். தாடிக்காரரும் வருகிறார்.

சிறப்பு விருந்தினர் யார் தெரியுமா? நீ! மேடைமேல் நீ நடந்து காட்ட வேண்டும், அவ்வளவுதான், பேச வேண்டாம். உன்னைப் பார்த்தால் எல்லாருக்கும் தைரியம் வரும். அத்தானையும் அழைத்து வா. ஷூவை மறக்காதே.

இதைக் கேட்டதும் உன் தம்பி மனைவி, "அண்ணிகிட்ட கேட்டீங்களா?" என்றாள். "கேட்டுத்தானே எழுதறேன்" என்றேன். "எழுதறது வேற, கேக்கறது வேற" என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள். இந்த வீட்டில் எல்லாரும் பழமொழியாகவே பேசத் தொடங்கிவிட்டார்கள்.

பதில் வராவிட்டால் சம்மதம் என்று எடுத்துக்கொள்கிறேன்.

அன்புடன்,
தம்பி


ஜூன் 15

அக்காவுக்கு,

உடம்புக்கு ஒன்றுமில்லை. மற்றதெல்லாம் கெட்டுப்போயிருக்கிறது.

முப்பது நாற்காலி போட்டேன். உட்கார்ந்தவர்கள் மூன்று பேர்: நான், முணுமுணுப்பார், தாடிக்காரர். ஹாலைக் கூட்ட வந்தவர் சற்று நேரம் உட்கார்ந்தார், அவரைச் சேர்த்தால் நாலு. வாடிக்கையாளர் ஒருவர்கூட இல்லை. குழாய் ஒழுகினால் கூப்பிடத் தெரிகிறது! முணுமுணுப்பார் வாழ்க்கையில் முதல் தடவையாக முணுமுணுக்காமல் இருந்தார், அதுதான் எனக்கு ரொம்ப அவமானமாக இருந்தது. தாடிக்காரர் அரை மணி பார்த்தார். "ஆகஸ்ட் வரைக்கும் டைம் இருக்கு" என்றார். இழவு வீட்டில் சொல்லுவார்களே, 'எல்லாம் நல்லதுக்குத்தான்' என்று, அந்தக் குரலில்.

அவர்கள் வராதது இருக்கட்டும். நீ ஏன் வரவில்லை? முன்வரிசையில் உனக்கென்று கைப்பிடி வைத்த நாற்காலி போட்டிருந்தேன். யாருக்காக இந்தக் கம்பெனியை ஆரம்பித்தேன்? உன் மீதியைப் போட்டு வளர்ந்தவன் நான், ஒரு நாளாவது முகம் சுளித்திருக்கிறேனா? நாலு மாசமாகக் கேட்கிறேன், ஷூ எப்படி இருக்கிறது என்று. நல்லாயிருக்கு, நல்லாயில்லை, இரண்டில் ஒன்று சொல்ல ஒரு வார்த்தை போதும். அதற்குக்கூட எனக்கு யோக்கியதை இல்லையா?

ஆகஸ்டில் கடையை மூடுகிறேன். அத்தானிடம் சொல், அப் ஆகவில்லை என்று.

தம்பி


ஜூன் 22

அன்புள்ள தம்பிக்கு,

அத்தான் நலம். நான் இந்தக் கடிதத்தை மூன்று தரம் கிழித்துவிட்டு எழுதுகிறேன். நீ சாப்பிட்டுவிட்டுப் படி.

ஜனவரியில் ஒரு மத்தியானம் உன் பெட்டி ஆஸ்பத்திரிக்கு வந்தது. என் கவுண்டருக்கு முன்னால் பெஞ்சு நிறைய ஆட்கள். கொண்டுவந்தவர் விலாசத்தைத் தேடும் சாக்கில், பெட்டிமேல் இருந்ததை உரக்கப் படித்தார். "இரண்டு கால்! இரண்டு அளவு! வெட்கம் எதற்கு?" ஒரு ஆச்சரியக்குறி விடாமல் படித்தார். வாயில் பஞ்சு வைத்துக்கொண்டு பேச முடியாமல் உட்கார்ந்திருந்தவர்கள்கூட என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். அந்தச் சின்னப் பெண், "நான் பிரிக்கட்டுமா மேடம்?" என்று ஆசையாகப் பிரித்தாள். சீட்டு கீழே விழுந்தது. எடுத்துப் படித்தாள். "ஆறு வயதில் வந்த காய்ச்சலில் என் அக்காவின் இடது கால் பின்தங்கிவிட்டது" என்று அழகாகத்தான் எழுதியிருந்தாய். அது கை மாறி எக்ஸ்ரே அறை வரைக்கும் போய்விட்டு வந்தது.

இருபது வருஷமாக அங்கே வேலை பார்க்கிறேன். ஒருத்தருக்கும் தெரியாது. எப்படி என்கிறாயா? பல் ஆஸ்பத்திரியில் பஞ்சு உருளைக்குப் பஞ்சமா? இடது ஷூவின் நுனியில் இரண்டு உருளை குறுக்கே, குதிகாலுக்கு முன்னால் பள்ளத்தில் ஒன்று. மேலே மெல்லிய துணி. வலிக்கும், வலிக்காமல் என்ன. ஆனால் வெளியே பார்த்தால் இரண்டும் ஒரே மாதிரி. அவ்வளவுதான் எனக்கு வேண்டியிருந்தது.

அன்றிலிருந்து நான் எழுந்தால் எல்லாரும் தரையைப் பார்க்கிறார்கள். சின்னப் பெண் ஓடிவந்து நாற்காலியை இழுத்துப் போடுகிறாள். "நீங்க உக்காருங்க மேடம், நான் எடுத்துட்டு வரேன்." டாக்டருக்கு வெந்நீர் கொண்டுபோவதைக்கூட அவளே செய்கிறாள். திட்டவும் முடியவில்லை, அத்தனை அன்பு. உன்னைப்போலவே.

உன் ஷூ எப்படி இருக்கிறதென்று கேட்டாயே. ஒரு பெரிய படகும் ஒரு சின்னப் படகும் பக்கத்தில் பக்கத்தில் நிற்பதுபோல் இருக்கிறது. என் கால் எனக்குத் தெரியும், அதற்கு விளம்பரப்பலகை வேண்டாம்.

நான் ஹாலுக்கு வரவில்லை என்கிறாய். வந்தேன். அத்தானிடம்கூடச் சொல்லாமல் விடியற்காலை பஸ் பிடித்து, அந்த ஷூவையே போட்டுக்கொண்டு வந்தேன். நீ கூப்பிட்டு நான் வராமல் இருந்திருக்கிறேனா? எதிர்ப்பக்கத்தில் இறங்கினேன். பேனர் கண்ணில் பட்டது. "இரு அளவுக் கால்களின் முதல் மாபெரும் சந்திப்பு." அந்த வாசலுக்குள் நுழைகிறவர் யாராக இருந்தாலும், தெருவே அவர் காலைத்தானே பார்க்கும்? எனக்கு ரோட்டைத் தாண்ட முடியவில்லை. பழச்சாற்றுக் கடை நிழலில் ஒதுங்கினேன்.

அங்கே ஏற்கெனவே கூட்டம். காக்கிச் சட்டையில் ஒருவர், கையில் பையைக் கால்மேல் படும்படி தொங்கவிட்டிருந்தார். கண்டக்டர்தான், நீ எழுதியதை வைத்தே அடையாளம் தெரிந்தது. கறுப்புக் கோட்டைக் கையில் மடித்துப் பிடித்தபடி ஒரு அம்மா. இன்னும் பத்துப் பதினைந்து பேர். ஞாயிற்றுக்கிழமை காலையில் அத்தனை பேர் பழச்சாறு குடிப்பார்களா? எல்லாரும் பேனரைப் பார்ப்பதும், அடுத்தவர் காலைப் பார்ப்பதும், சட்டென்று வானத்தைப் பார்ப்பதுமாக இருந்தார்கள். கண்டக்டர் என்னிடம் மெதுவாக, "பாவம்மா அவரு. எங்க வீட்டு ஃபேனை நாலு தரம் வந்து பாத்தாரு" என்றார். "ஆமாம், பாவம்தான்" என்றேன். நீ இரண்டு தரம் வாசலுக்கு வந்து, ரோட்டின் இந்தக் கோடியையும் அந்தக் கோடியையும் பார்த்தாய். நேர் எதிரே மட்டும் பார்க்கவில்லை. பிறகு ஒவ்வொருவராகக் கலைந்தோம்.

உன் வாடிக்கையாளர்கள் வந்திருந்தார்கள் தம்பி. எதிர்ப்பக்கம் நின்றோம்.

காட்டுவதா மறைப்பதா என்பது காலுக்குச் சொந்தக்காரரின் விஷயம். ஷூக்காரனுடையது இல்லை. நீ என் மீதியைப் போட்டாய், உண்மைதான். அதை வீட்டுக்கு வந்ததும் கழற்றிப் போட்டுவிட்டு விளையாட ஓடினாய்.

கோபம் தீர்ந்துவிட்டது. உன் உடம்பு எப்படி இருக்கிறதென்று எழுது.

அக்கா


(ஜூலையில் கடிதம் இல்லை.)


ஆகஸ்ட் 19

அன்புள்ள அக்காவுக்கும் அத்தானுக்கும்,

நாங்கள் இருவரும் நலம். பதில் எழுத இத்தனை நாள் ஆனதற்குக் காரணம் வேலை இல்லை. ஒவ்வொரு தடவை உட்காரும்போதும் ஒரு ஜோக் எழுதினேன். அதை அடித்தால் மீதி ஒன்றும் இல்லை. அதனால் நடந்ததை மட்டும் எழுதுகிறேன்.

உன் கடிதத்தை உன் தம்பி மனைவிக்குப் படித்துக் காட்டினேன். அவள் மிச்சமிருந்த பெட்டிகளை எல்லாம் எடுத்து, எழுத்து உள்பக்கம் போகும்படி மடித்து ஒட்டத் தொடங்கினாள். நம் கதை அச்சடித்த சீட்டுகள் அடுப்புக்குப் போயின. பேனரை முணுமுணுப்பார் மழைக்குத் தாழ்வாரத்தில் கூரையாகக் கட்டியிருக்கிறார், எழுத்து கீழே தெரியும்படி. ஒவ்வொரு தடவை அண்ணாந்தாலும் படிக்க வேண்டியிருக்கிறது. எனக்கு வேண்டியதுதான்.

பிறகு அதே முப்பது வீட்டுக்கும் மறுபடி போனேன். இந்தத் தடவை ஏணி இல்லை, அளவு நாடா இல்லை. முன்கூட்டிக் கேட்டுக்கொண்டு, அவர்கள் சொன்ன நேரத்தில், சொன்ன இடத்தில். வக்கீலம்மா அலுவலகம் வேண்டாம் என்றார், வீட்டுக்குப் போனேன். புது ஷூவைப் பற்றிப் பேசவே இல்லை. "உங்க பழைய ஷூவைக் கொஞ்சம் பாக்கலாமா?" என்று மட்டும் கேட்டேன். அக்கா, நீ பார்த்திருக்க வேண்டும். முப்பது பேர், முப்பது விதம். கண்டக்டர் பழைய டிக்கெட் கட்டை வைத்திருக்கிறார். சமையல்காரர் கைப்பிடித்துணியை நாலாக மடித்து வைத்திருக்கிறார். வக்கீலம்மா தான் தோற்ற கேஸ் காகிதமாம், "ஒரு உபயோகமாவது இருக்கட்டுமே" என்றார். அன்றைக்கு மூன்று மணி நேரம் பேசினார். மண்டியிட்டு அளந்த அன்று முகம் சிவந்தது சந்தோஷத்தில் இல்லை என்பதையும் சொன்னார். மரியாதையாகத்தான் சொன்னார், கிட்டத்தட்ட.

எல்லாரும் கண்டுபிடித்து வைத்திருந்த வழி ஒன்றுதான்: வெளியே ஒரே அளவு, உள்ளே நிரப்பு. அதை ஒழுங்காகச் செய்து கொடுத்தால் போதும். நான் அதை விட்டுவிட்டு ஊரெல்லாம் எதிர்க்கால் தேடி அலைந்திருக்கிறேன். உன் மூன்று பஞ்சு உருளைக் கணக்கை முணுமுணுப்பாரிடம் சொன்னேன். யாருடையது என்று சொல்லவில்லை. இரண்டும் பெரிய அளவிலேயே எடுத்து, ஒன்றின் உள்ளே தோலும் ரப்பரும் வைத்துக் கட்டினார். தடுக்காமல் இருக்க நுனியை இலேசாகத் தூக்கினார். நாலு ஜோடி பாழாயிற்று, அத்தனைக்கும் முணுமுணுத்தார். ஐந்தாவதைக் கண்டக்டருக்குக் கொடுத்தேன், எழுதாத பெட்டியில்.

மூன்றாம் நாள் அவர் பஸ்ஸில் ஏறிப் பார்த்தேன். போட்டிருந்தார். வெளியே, பட்டப்பகலில். எனக்கு டிக்கெட் கிழித்தார், காசை வாங்கவில்லை. அன்று சாயங்காலமே போன்: "சார், பிரவுன்ல ஒண்ணு கெடைக்குமா?"

அதுதான் அந்த இரண்டாவது ஜோடி. அதற்குப் பிறகு வக்கீலம்மா. பிறகு இன்னும் சிலர். தாடிக்காரர் விஷயம் கேள்விப்பட்டு என்னைக் கூப்பிட்டிருக்கிறார். லைன் பிஸி என்று நேரிலேயே வந்துவிட்டார். பணம் போடுகிறார். டைல்ஸ் மேலாளரின் கால் தப்பித்தது.

உனக்கு நான் எதுவும் அனுப்பவில்லை. கேட்காமல் அனுப்பமாட்டேன். அடுத்த மாதம் உங்கள் ஊரில் ஒருவரைப் பார்க்க வரவேண்டியிருக்கிறது. ஆஸ்பத்திரிப் பக்கம் வரலாமா, வேண்டாமா? வேண்டாம் என்றால் நேரே வீட்டுக்கு வருகிறேன்.

பதில் வராவிட்டால் சம்மதம் இல்லை என்று எடுத்துக்கொள்கிறேன்.

அன்புடன்,
தம்பி


ஆகஸ்ட் 26

தம்பிக்கு,

எல்லாரும் நலம். வா. வாயை வீட்டில் வைத்துவிட்டு வா.

அக்கா


அக்டோபர் 2

அன்புள்ள தம்பிக்கு,

நலம். முழங்கால் மாடிப்படி ஏறச் சம்மதித்துவிட்டது. மேலே போய்க் கட்டில் சத்தத்தைப் பற்றிச் சண்டை போடத்தான். நீ பத்திரமாக ஊர் போய்ச் சேர்ந்தாயா?

நீ வந்து போனதைப் பற்றி எங்கள் பெஞ்சு இன்னும் பேசி முடிக்கவில்லை. ஒரு மனிதன் ஆஸ்பத்திரிக்குள் அப்படியா நுழைவான்? வலது காலை இழுத்துக்கொண்டு, இடது கால் தப்புத் தப்பென்று அடித்துக்கொண்டு. பல் வலி காலுக்கு இறங்கிவிட்ட கேஸ் என்று டாக்டரே எட்டிப் பார்த்தார். ராத்திரி வீட்டில் கேட்டால், உன் கூடம் நிறைய மீதி ஜோடி கிடக்கிறதாம், விற்காதாம், வீணாக்க மனசு வரவில்லையாம். அப்பாவின் பிள்ளை!

நீ நுழைந்ததுமே சின்னப் பெண்ணுக்குக் கண் கலங்கிவிட்டது. "உங்க தம்பிக்குக் கால்ல என்ன மேடம்?" என்று காதோரம் கேட்டாள்.

"அவன் கால்ல ஒண்ணுமில்ல. ரெண்டு சைஸ் ஷூவைப் போட்டிருக்கான்."

"ஐயோ, ஏன்?"

உன்னைப் பார்த்தேன். சுவரில் தொங்கிய பல் படத்தை, பரீட்சைக்குப் படிப்பவன்போல் பார்த்துக்கொண்டிருந்தாய். நான்தான் சொன்னேன். அப்பா, இரண்டு ஜோடி, காய்ச்சல், மீதி, பந்து, ஹெட்மாஸ்டர் மேஜை, எல்லாம். அவள் சிரித்தாள். பெஞ்சில் பஞ்சு வைத்திருந்தவர் சிரிக்க முடியாமல் பஞ்சைத் துப்பினார். சொல்லி முடித்ததும் எழுந்து, டாக்டருக்கு வெந்நீர் எடுத்துக்கொண்டு நானே போனேன். யாரும் நாற்காலி இழுத்துப் போடவில்லை. தரையைப் பார்க்கவும் இல்லை. எல்லாரும் உன் காலைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அத்தனை நேரமும் நீ வாயைத் திறக்கவில்லை. நீ இதுவரை மாட்டிய ஃபேன்களை எல்லாம்விட எனக்கு அதுதான் பெரிது.

பழைய கேள்விக்கும் பதில் சொல்லித் தொலைக்கிறேன். அந்தப் படகு ஜோடி ரொம்ப சுகமாக இருக்கிறது. வீட்டுக்குள் போட்டுக்கொள்கிறேன்.

உன் மனைவியைக் கேட்டதாகச் சொல். அடுத்த தடவை உன் அளவு ஷூவைப் போட்டுக்கொண்டு வா. குதிகால் கெட்டுப்போகும்.

உன் அக்கா

பி.கு.: நேற்று உன் நம்பருக்குப் போன் பண்ணினேன். குரலைக் கொஞ்சம் மாற்றிக்கொண்டு, அக்கா என்று சொல்லாமல். "வணக்கம், உங்க காலுக்கு என்ன வேணும்?" என்றாய். கேள்வியை மாற்றிவிட்டாய் என்று கவனித்துக்கொண்டேன். கறுப்பு வேண்டும், பட்டை வைத்தது, இடது காலில் உள்நிரப்பு என்றேன். எப்படி ஆயிற்று என்று நீ கேட்கவில்லை. எத்தனை நேரம் நிற்பேன், ஏறுகிற படி எத்தனை, சாயங்காலம் எந்த இடத்தில் வலிக்கும் என்றெல்லாம் பொறுமையாகக் கேட்டாய். நடுவில் இன்னொரு லைன் அடித்தது, எடுக்கவில்லை. அரை மணி நேரம்! என் பிறவியில் நீ என்னோடு இத்தனை நேரம் போனில் பேசியதில்லை. "பெட்டிமேல ஏதாவது எழுதணுமாம்மா?" என்றாய். "விலாசம் மட்டும் போதும், ஆஸ்பத்திரிக்கே அனுப்புங்க" என்றேன். ஏமாற்றிவிட்ட சந்தோஷத்தில் வைக்கப்போனேன்.

"சரிக்கா, வெச்சிடறேன்" என்றாயேடா, திருடா!